அவசர சிகிச்சைப் பிரிவின் தாமதங்களைத் தரவு கொண்டு குறைப்பது எப்படி

அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் நெரியும்போது, அங்கிருக்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் இன்னும் வேகமாக வேலை செய்யச் சொல்வதே நிர்வாகத்துக்கு முதலில் தோன்றும். நோயாளி எந்தக் கட்டத்தில் காத்துக் கிடக்கிறார் என்று தெரியாமல் அப்படிச் சொல்வது பயனற்றது. களைத்துப்போனவர்களிடம் சொல்வது கொடுமையும்கூட. அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்க, ஒழுங்காகப் பதிவான சில நேரங்களும் ஒரு கணக்குத்தாள் மென்பொருளும் போதும்.

முதலில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு நேரங்களைத் திரட்டுங்கள்: வந்து சேர்ந்தது, டிரையாஜ் (யாரை முதலில் பார்ப்பது என்று அவசர நிலையைத் தரம் பிரிப்பது) முடிந்தது, மருத்துவர் முதலில் பார்த்தது, பரிசோதனை முடிவுகள் கிடைத்தது, வார்டில் சேர்ப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுத்தது, பிரிவை விட்டு வெளியேறியது. பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, டிரையாஜில் தரப்பட்ட அவசர நிலையை மட்டும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

திரட்டியதை உடனே நம்பிவிட வேண்டாம். வேலை ஓய்ந்த பிறகு நினைவிலிருந்து எழுதப்பட்ட நேரங்கள் பெரும்பாலும் 0 அல்லது 5 என்ற இலக்கத்தில் முடியும். நெஞ்சுவலியுடன் வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல்; ஈசிஜி கருவியின் கடிகாரம் கணினியின் கடிகாரத்திலிருந்து ஏழு நிமிடம் விலகியிருந்தால் அந்த அளவீட்டுக்கே பொருளில்லை. ஒரு ஷிஃப்ட் முழுவதும் பிரிவிலேயே நின்று, இருபது நோயாளிகளின் நேரங்களைக் கைப்பட எழுதிப் பதிவேட்டுடன் ஒப்பிடுங்கள். இதைச் செய்யாத பகுப்பாய்வை நான் நம்புவதில்லை. மருத்துவரைப் பார்க்காமலே திரும்பிச் சென்றவர்களையும் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள்; நெடுநேரம் காத்திருந்து மனம் வெறுத்தவர்களில் பலர் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள்.

சராசரியை மட்டும் பார்க்க வேண்டாம். பத்துப் பேரில் ஒன்பது பேர் 20 நிமிடமும் ஒருவர் 5 மணி நேரமும் காத்திருந்தால் சராசரி 48 நிமிடம். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 48 நிமிடம் காத்திருக்கவில்லை. இடைநிலை அளவையும் (நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 90ஆம் சதமானத்தையும் (நூற்றில் தொண்ணூறு பேர் அதற்குள் முடித்துவிடும் நேரம்) அவசர நிலைவாரியாகத் தனித்தனியே கணக்கிடுங்கள்.

அடுத்து வருவதே இந்த வேலையின் மையம். ஓர் இடத்தில் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, வருகை வீதத்தை அவர்கள் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்பதை ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தார். மணிக்கு 8 பேர் வந்து ஒவ்வொருவரும் 4 மணி நேரம் தங்கினால் பிரிவில் எப்போதும் ஏறத்தாழ 32 பேர் இருப்பார்கள். படுக்கைகள் 24தான் என்றால், தங்கும் நேரத்தை 3 மணியாகக் குறைக்காதவரை எட்டுப் பேருக்கு நடைபாதைதான். எந்த ஒரு மணி நேரத்தைக் குறைப்பது? ஆறு நேரங்களுக்கு இடைப்பட்ட ஐந்து இடைவெளிகளையும் பிரித்துப் பார்த்தால், பல மருத்துவமனைகளில் மிக நீண்டு நிற்பது கடைசி இடைவெளி: வார்டில் சேர்க்க முடிவெடுத்த பிறகு படுக்கைக்காகக் காத்திருக்கும் நேரம். நோயாளிகள் வரும் மணிகளையும் வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் மணிகளையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். காலையிலேயே வருகை ஏறிவிடுகிறது, டிஸ்சார்ஜோ பிற்பகலில்தான் நடக்கிறது என்று தெரிந்தால், மாற்ற வேண்டியது வார்டு மருத்துவர்கள் காலையில் நோயாளிகளைப் பார்வையிடும் முறையை. அவசரப் பிரிவில் எத்தனை பேரைக் கூடுதலாக நியமித்தாலும் அந்த நெரிசல் தீராது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்து, வாரந்தோறும் இடைநிலை அளவைப் புள்ளியாகக் குறித்து வாருங்கள். மாற்றத்துக்கு முந்தைய வாரங்களின் இடைநிலையைக் காட்டும் பழைய நடுக்கோட்டுக்குக் கீழே தொடர்ந்து 6 புள்ளிகள் விழுந்தால், அது தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இலக்கு வைத்தால் அதன் பக்கவிளைவையும் அளவிட வேண்டும். இங்கிலாந்தில், அவசரப் பிரிவுக்கு வருவோரை நான்கு மணி நேரத்துக்குள் வார்டில் சேர்க்கவோ வீட்டுக்கு அனுப்பவோ வேண்டும் என்ற இலக்கு நடைமுறைக்கு வந்த பின், அந்த நேரம் முடியும் தறுவாயில் வெளியேற்றப்பட்டோரின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது தரவிலேயே தெரிந்தது. ஆகவே இலக்குக்குள் முடிந்தவர்களின் விழுக்காட்டோடு நிற்காமல் தங்கிய நேரங்களின் முழுப் பரவலையும் வரையுங்கள். 72 மணி நேரத்துக்குள் மீண்டும் வந்து சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் அதே தாளில் குறித்து, செவிலியர்கள் கூடும் அறையில் மாட்டி, அந்த வாரம் ஏன் அப்படி இருந்தது என்று அவர்களிடமே கேளுங்கள்.