பாலைவனமாதலைப் படிப்பிக்கும்போது விடும் பிழைகள்

புதிதாகப் புவியியல் எடுக்க வரும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் விடும் பிழைகள் இவை. வரைபடத்தில் பெயர் மாறிப் போவதெல்லாம் சின்ன விஷயம், விடுவோம்.

மணற்காட்டைக் காட்டித் தொடங்குவது

யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டுக்கு பஸ் பிடித்து, பிள்ளைகளை மணல்மேட்டில் ஏற்றி, "இதுதான் பாலைவனம்" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அது கடல் ஒதுக்கிய மணலைக் காற்றுக் குவித்த கரையோரக் குன்று. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு 1200 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. பாலைவனத்தில் பெரும்பாலும் 250ஐத் தாண்டாது. சகாராவிலேயே கால்வாசிதான் மணல், மிச்சம் கல்லும் பாறையும்.

அந்த ஒரு பயணத்தோடு, மணல் ஊர்ந்து வருவதுதான் பாலைவனமாதல் என்று பிள்ளை பிடித்துக்கொள்ளும். பிறகு எத்தனை பாடம் எடுத்தாலும் விடைத்தாளில் "சகாரா தெற்கே நகர்கிறது" என்றே வரும். சூடானில் அது ஆண்டுக்கு ஐந்தரைக் கிலோமீற்றர் நகர்கிறது என்று 1975இல் சொன்னதுண்டு. 1980களின் செய்மதிப் படங்களிலோ, மழை பொய்த்த ஆண்டில் பசுமையின் எல்லை தெற்கே இறங்கி, மழை பெய்ததும் வடக்கே ஏறியது.

பாலைவனமாதலை எதிர்க்கும் 1994இன் ஐ.நா. சமவாயம் சொல்வது வேறு: வறள்நிலங்கள் இருந்த இடத்திலேயே தரமிழப்பதுதான் பாலைவனமாதல். மிகை வறண்ட இயற்கைப் பாலைவனம் அதற்குள் வராது. முல்லையும் குறிஞ்சியும் நல்லியல்பு இழந்தால் பாலை என்று தமிழ்ப் பாடத்தில் படித்த பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

பாலைவனம் என்றால் வெக்கை என்று சொல்வது

கோபிப் பாலைவனத்தில் மாரிகாலம் -40 பாகை வரை இறங்கும். அந்தாட்டிக்காவும் பாலைவனம்தான்.

மழையை மட்டும் குற்றம் சொல்வது

மத்திய ஆசியாவின் ஏரல் கடலைச் சொல்லுங்கள். 1960களிலிருந்து அதில் விழும் அமு தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பினார்கள். கடல் வற்றி, அடித்தளம் உப்புத் தூசி பறக்கும் வெளியானது.

உப்புச் சோதனையில் அவசரப்படுவது

பாய்ச்சும் தண்ணீரிலுள்ள உப்பு நிலத்தைக் கெடுப்பதைக் காட்டும் சோதனை இது. துளையில்லாத இரண்டு சட்டிகளில் செம்மண் நிரப்பி, பயறு போடுங்கள். ஒன்றுக்கு மழைத்தண்ணீர், மற்றதற்கு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லிலீற்றர், வெயிலில். கெதியாக முடிக்க ஒரு பிடி உப்பைக் கொட்டினால் விதை அன்றே செத்துவிடும். உப்பு மெல்ல மெல்லச் சேர்வதுதான் பாடம், அது தெரியாமலே போய்விடும். கிணற்றுத் தண்ணீரை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்: எங்கள் கிணறுகள் பலவற்றில் ஏற்கெனவே உவர் ஏறியிருக்கிறது, இரண்டு சட்டியும் வெளுக்கும். இரண்டு மூன்று கிழமையில் உப்புச் சட்டியின் விளிம்பில் வெள்ளைப் படலம் பூக்கும். அதைப் பிள்ளைகளே விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.