பழைய ஜப்பான் குவார்ட்ஸ் குரோனோகிராஃப் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

“பேட்டரி போட்டா ஓடும் சார்.” சேலத்தில் பழைய வாட்ச் தேடிப் போனால் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. அதை மட்டும் நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். பேட்டரி போட்டு ஓடினாலும் பாதிதான் தெரிந்திருக்கிறது.

குவார்ட்ஸ் குரோனோகிராஃப் என்றால் பேட்டரியில் ஓடும், ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச். ஜப்பானின் சீகோ நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த 7ஏ28 என்ற மெஷின், முள் வைத்த குவார்ட்ஸ் குரோனோகிராஃப்களில் உலகிலேயே முதலாவது. அதற்குள் நான்கு சின்ன மோட்டார்கள் இருக்கின்றன. நேரம் காட்ட ஒன்று, ஸ்டாப்வாட்ச் முட்களுக்கு மற்றவை. அதனால் நேரம் சரியாக ஓடினாலும் ஸ்டாப்வாட்ச் செத்துக் கிடக்கலாம். பட்டனை அழுத்தி நாலைந்து நிமிடமாவது ஓடவிட்டு, நிறுத்தி, ரீசெட் செய்து, எல்லா முட்களும் பூஜ்ஜியத்துக்குத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். முள் பூஜ்ஜியத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றால் அது பழுதல்ல. கிரவுனை, அதாவது நேரம் திருத்தும் பக்கத்துத் திருகை, வெளியே இழுத்துவிட்டுப் பட்டன்களை அழுத்தினால் சரியான இடத்துக்கு வந்துவிடும். இது தெரியாமல் நல்ல வாட்சை வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

அப்புறம் பின்மூடி. 7ஏ28-7000 என்பதுபோல எண் இருக்கும்: முன்பாதி மெஷின், பின்பாதி கேஸ், அதாவது வெளிக்கூடு. தனியாக உள்ள வரிசை எண்ணில் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். டயலின் அடியோரத்திலும் பொடி எழுத்தில் மெஷின் எண் இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் அது இரண்டு மூன்று வாட்ச்களைச் சேர்த்துக் கட்டியது.

நான் செய்த பெரிய தவறு மெருகு போட்டது. மாமா 80-களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வாட்சை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போடுகிற ஒரு பட்டறையில் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. ஆனால் கேஸின் மேல் இழை இழையாக ஓடிய கோடுகள் போய்விட்டன, கூரான விளிம்புகள் மழுங்கிவிட்டன. தேய்ந்துபோன எஃகை எளிதில் திரும்பக் கொண்டுவர முடியாது. இன்றும் அதைக் கட்டும்போது கட்டைவிரல் அந்த விளிம்பைத்தான் தேடுகிறது. கீறலோடு இருந்தால் கீறலோடே வைத்துக்கொள்ளுங்கள். அழுக்குதான் பிரச்சினை என்றால் செயினை மட்டும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டு பீரோவில் வைக்காதீர்கள். கசிந்தால் சர்க்யூட்டை அரித்துவிடும். 7ஏ28-க்கு 394 எண் சில்வர் ஆக்சைடு பேட்டரிதான் வேண்டும். மலிவான அல்கலைன் வேண்டாம். மாற்றும்போது இடுக்கி வழுக்கி, முடியைவிட மெல்லிய காயில் கம்பி அறுந்துவிட்டால், இன்னொரு பழைய வாட்சிலிருந்துதான் பாகம் எடுக்க வேண்டியிருக்கும். குவார்ட்ஸ் என்றால் தூக்கிப் போடுகிற சரக்கு என்று நினைக்கும் கடைக்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இந்த மெஷினில் சக்கர அச்சுகள் தேயாமல் தாங்கும் 15 கற்கள் இருக்கின்றன. பிரித்து, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு ஓட்டலாம்.

கடைசியாக ஈரம். பின்மூடியில் 100 மீட்டர் என்று போட்டிருப்பது வாட்ச் புதிதாக இருந்த நாளின் கணக்கு. நாற்பது வருடத்தில் ரப்பர் வாஷர் காய்ந்து நொறுங்கியிருக்கும். சேலத்து வெயிலில் ஒன்றும் தெரியாது. ஏற்காடு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்துக் குளிர் பட்டதும் கண்ணாடியின் உட்புறம் மூடுபனி படரும். உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். துடைத்தாலும் போகாது, அரிசிப் பானையில் போடுவதும் வேண்டாம். பட்டனைத் தொடாமல் கீழே கொண்டுவந்து, அன்றைக்கே பின்மூடியைத் திறந்து உலர்த்தி, வாஷரை மாற்றச் சொல்லுங்கள். பட்டன்களுக்குள்ளும் குட்டி வாஷர்கள் உண்டு. அதையும் சேர்த்துக் கேளுங்கள், பலர் பின்மூடி வாஷரோடு நிறுத்திவிடுகிறார்கள்.