எலும்புக் கட்டி தீங்கற்றதா, புற்றா: திசுக் குறிப்பான்களைக் கையாளும் முறை

தென்காசியிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ பாளையங்கோட்டை ஆய்வகத்துக்கு வரும் எலும்புத் துண்டுடன் எக்ஸ்ரே படமும் நோயாளியின் வயதும் சேர்ந்து வர வேண்டும். அவை இல்லாமல் குறிப்பான்களை, அதாவது செல்லின் தன்மையைக் காட்டும் புரதங்களை, சாயமேற்றிப் பார்ப்பதில் பயனில்லை. துண்டை ஃபார்மலினில் நன்கு பதப்படுத்திய பிறகே சுண்ணாம்புச் சத்தை நீக்க வேண்டும். கடும் அமிலம் வேலையை விரைவாக முடித்தாலும் புரதங்களையும் டிஎன்ஏவையும் சிதைத்துவிடும் என்பதால், முடிவு கேட்டு உறவினர்கள் வாசலில் நின்றாலும், சுண்ணாம்பை மெதுவாக, திசுவைச் சிதைக்காமல் நீக்கும் ஈடிடிஏ கரைசலே ஏற்றது. மென்மையான பகுதி இருந்தால், அதைத் தனியே பிரித்துச் சுண்ணாம்பு நீக்காமலே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

எஸ்ஏடிபி2 என்ற குறிப்பான் எலும்பாக்கச் செல்களை அடையாளம் காட்டுமே தவிர, அவை தீங்கற்றவையா என்று சொல்லாது. தீங்கற்ற ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவா, மெதுவாக வளரும் எலும்புப் புற்றான தாழ்நிலை ஆஸ்டியோசார்க்கோமாவா என்ற ஐயம் எழும்போது எம்டிஎம்2, சிடிகே4 ஆகிய குறிப்பான்கள் உண்மையாகவே கைகொடுக்கும்: செல்லின் உட்கருவில் இரண்டும் சாயமேற்றால் எண்ணம் புற்றின் பக்கம் சாய வேண்டும், தெளிவில்லாவிட்டால் ஒளிரும் சாயத்தால் மரபணுக்களைக் காட்டும் ஃபிஷ் சோதனையில் எம்டிஎம்2 மரபணுப் பெருக்கத்தைப் பார்க்கலாம். பெரும்பாலும் தீங்கற்றதான ராட்சதச் செல் கட்டிக்கு எச்3.3 ஜி34டபிள்யூவும், தீங்கற்ற குருத்தெலும்புக் கட்டியான கான்டிரோபிளாஸ்டோமாவுக்கு எச்3 கே36எம்மும் உதவும்; இரண்டும் ஹிஸ்டோன் புரதத்தில் ஏற்படும் மரபணு மாற்றத்தைக் காட்டுபவை. ஆயினும் புற்றாக மாறிய ராட்சதச் செல் கட்டியிலும் ஜி34டபிள்யூ தெரியக்கூடும் என்பதால், செல்களின் உருத்திரிபையும் இயல்பற்ற செல் பகுப்பையும் வழக்கமான சாயத் தகட்டில் தேடியே ஆக வேண்டும்.