அவுட்லுக்ல மெயில் வரலைன்னா உடனே அக்கவுண்ட்ட ரிமூவ் பண்ணிடாதீங்க

ஜூன் மாசம் பெங்களூரா மாங்கா லோடு இறங்க ஆரம்பிச்சா நம்ம கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் கம்பெனி, டிரம் சப்ளை பண்றவங்க, லாரி புக்கிங் ஆபீஸ்னு எல்லாருக்கும் மெயில் குவியும், கூடவே எனக்கு போனும் குவியும். "தம்பி மெயில் வரமாட்டேங்குது, பார்ட்டி அனுப்பிட்டேன்றான், இங்க ஒண்ணையும் காணோம்." நான் வண்டிய எடுத்துட்டு போய் சேர்றதுக்குள்ள ஆபீஸ்ல யாராச்சும் வீடியோ பாத்து அக்கவுண்ட்ட ரிமூவ் பண்ணி திரும்ப ஆட் பண்ணி வச்சிருப்பாங்க, பாப் (POP, மெயில கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுக்கற முறை) அக்கவுண்ட்டா இருந்தா பழைய மெயில் எல்லாம் மெயில் கம்பெனியோட சர்வர்ல இருக்காது, அந்த கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபைல்ல மட்டும்தான் இருக்கும், அதுல கைய வச்சா அப்புறம் தேடுறது பெரிய வேலை. அதனால எதையும் அழிக்காம மொதல்ல இத பாருங்க.

உங்க போன்ல பிரவுசர தொறந்து வெப் மெயில்ல லாகின் பண்ணுங்க, வேற ஐடில இருந்து ஒரு டெஸ்ட் மெயில் போடுங்க. அங்க வந்துச்சா இல்லையா, அவ்ளோதான் கேள்வி. அங்கயே வரலைன்னா அவுட்லுக்க நோண்டி ஒரு பிரயோஜனமும் இல்ல, தப்பு வேற எடத்துல இருக்கு.

அங்க வரலைன்னா அனுப்புன பார்ட்டிக்கு திரும்பி வந்த மெயில ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லுங்க. அதுல நம்பர் ஒண்ணு இருக்கும். 5.1.1னு இருந்தா அவங்க டைப் பண்ண ஐடியே தப்பு, 5.2.2னு இருந்தா உங்க பெட்டி ரொம்பிருச்சு. ஜிமெயில் ஃப்ரீ அக்கவுண்ட்டுக்கு 15 ஜிபிதான், அதுல டிரைவும் போட்டோஸும் சேத்தி, ஓனர் பேத்தி பொறந்தநாள் வீடியோ எல்லாம் அதே ஐடில பேக்கப் ஆகிட்டு இருக்கும், யாருக்கும் தெரியாது. கம்பெனி பேர்ல சொந்த டொமைன் (ஐடில @க்கு அப்புறம் வர்ற பேரு) வச்சிருக்கவங்க அத ரினீவல் பண்ணாங்களான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க. ஒண்ணும் திரும்பி வரலைன்னா ஸ்பேம் ஃபோல்டர்லயும் ஒரு பார்வ பாருங்க.

வெப்ல இருக்கு, அவுட்லுக்லயோ, அதே மாதிரி இன்னொரு மெயில் ப்ரோகிராம் தண்டர்பேர்ட்லயோ மட்டும் இல்லைன்னா கத வேற. கீழ ஸ்டேட்டஸ் பார்ல "வொர்க்கிங் ஆஃப்லைன்"னு இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, இதுக்காகவே நான் பர்கூர் வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன், சென்ட் ரிசீவ் டேப்ல ஒரு பட்டன், யாரோ தெரியாம தட்டிட்டாங்க. தண்டர்பேர்ட்ல இடது பக்கம் கீழ மூலைல சின்ன ஐகானா இருக்கும்.

அடுத்தது பாஸ்வேர்ட். திரும்பத் திரும்ப பாஸ்வேர்ட் கேக்குது, கரெக்டா போட்டாலும் ஏத்துக்கல, அதே பாஸ்வேர்ட் வெப்ல ஓகே. இது உங்க தப்பு இல்ல. கூகுள் 2022 மே 30ல இருந்து ஜிமெயில்ல சாதா பாஸ்வேர்ட வச்சு பழைய ப்ரோகிராம் உள்ள வர்றத நிறுத்திருச்சு. அவுட்லுக் 2010, 2013 மாதிரி பழசுல கூகுள் சைன் இன் விண்டோ வராது, அதுக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணி ஆப் பாஸ்வேர்ட் எடுக்கணும், அது அந்த ப்ரோகிராமுக்குன்னு கூகுள் குடுக்குற தனி பாஸ்வேர்ட், 16 எழுத்து, அத பாஸ்வேர்ட் கட்டத்துல போட்டா வேல முடிஞ்சுது. இதையும் தெரிஞ்சுக்கோங்க, கூகுள் பாஸ்வேர்ட மாத்துனீங்கன்னா பழைய ஆப் பாஸ்வேர்ட் செல்லாது, புதுசா எடுக்கணும். சர்வர் செட்டிங்கும் ஒரு தடவ சரி பாருங்க, ஐமேப்னா (IMAP, மெயில் சர்வர்லயே இருக்கும், எந்த கம்ப்யூட்டர்ல பாத்தாலும் அதே தெரியும்) போர்ட் 993, பாப்னா 995, ரெண்டுலயும் எஸ்எஸ்எல் (மெயில பூட்டி அனுப்புற பாதுகாப்பு) ஆன்.

போன வருசம் காவேரிப்பட்டணத்துல ஒரு ஆபீஸ். அந்த ஆபீஸ் அண்ணன் போன்ல மெயில் வருது, கம்ப்யூட்டர்ல செக்யூரிட்டி சர்டிஃபிகேட்னு ஏதோ எரர், பிரவுசர்ல பாங்க் சைட்டும் தொறக்கல. நெட்டு கம்பெனிக்காரனுக்கு போன் போட்டு சண்டை எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நான் உக்காந்ததும் கண்ணு நேரா வலது பக்கம் கீழதான் போச்சு, தேதி 2015 ஜனவரி 1. ராத்திரி கரண்ட் போயிருக்கு, மதர்போர்ட் பேட்டரி செத்துப்போச்சு, கடிகாரம் பின்னாடி போயிருச்சு. நான் நெஜமான சர்வர்தான்னு சர்வர் காட்டுற சர்டிஃபிகேட்டுக்கு இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும்னு ஒரு கணக்கு இருக்கு, கம்ப்யூட்டர் 2015ல நின்னுட்டு பாத்தா அது இன்னும் பொறக்கவே இல்லைன்னு கதவ சாத்திக்கும். போன் தேதிய டவர்ல இருந்து எடுத்துக்கறதால அதுக்கு பிரச்சன இல்ல. தேதிய மாத்துன உடனே 40 மெயில் தடதடன்னு இறங்குச்சு. சிஆர் 2032 பேட்டரி, வாட்ச் கடைலயே கிடைக்கும், மாத்தலைன்னா அடுத்த கரண்ட் கட்டுல திரும்ப இதே கததான்.

இன்னும் வரலையா, ஃபைல் சைஸ பாருங்க. அவுட்லுக் மெயில சேத்து வைக்கிற பிஎஸ்டி (.pst) ஃபைல் 2010ல இருந்து 50 ஜிபி வரைக்கும், 2003, 2007ல 20 ஜிபிதான், தொட்டுச்சுன்னா புது மெயில் உள்ள வராது. அவுட்லுக்க மூடிட்டு ஃபைல காப்பி எடுத்து வச்சிட்டு, அப்புறம் எம்எஸ் ஆபீஸ் ஃபோல்டர்ல இருக்குற ஸ்கேன்பிஎஸ்டிய (அந்த ஃபைல ரிப்பேர் பண்ற டூல்) ஓட்டுங்க, காப்பி எடுக்காம ஓட்டவே கூடாது. தண்டர்பேர்ட்னா இன்பாக்ஸ் மேல ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல ரிப்பேர் ஃபோல்டர், அப்புறம் காம்பாக்ட். தண்டர்பேர்ட் இன்பாக்ஸ் மொத்தத்தையும் ஒரே ஃபைலா வைக்கும், அதுல ஒரு மெயில் வைரஸ்னு ஆன்டிவைரஸ் மொத்த ஃபைலையும் தூக்கி குவாரன்டைன்ல (வைரஸ் ஃபைல தனியா பூட்டி வைக்கிற எடம்) போட்டிருச்சுன்னா இன்பாக்ஸே காலி, அதனால அங்கயும் போய் பாருங்க.

எதுவுமே சிக்கல, கொஞ்சம் மெயில் வருது கொஞ்சம் வரல, அப்படின்னா வீட்ல கேளுங்க. ஒரு கிரானைட் யார்டுல ரெண்டு வாரம் இப்படித்தான் மண்டைய பிச்சுக்கிட்டோம், கடைசில பாத்தா பையன் ஓசூர்ல அவன் லேப்டாப்ல அதே ஜிமெயில பாப்ல போட்டு வச்சிருக்கான். ஒரு கம்ப்யூட்டர் பாப்ல எடுத்த மெயில ஜிமெயில் இன்னொரு கம்ப்யூட்டருக்கு குடுக்காது, யாரு முந்துறாங்களோ அவங்களுக்குத்தான். ரெண்டு பக்கமும் அவுட்லுக் யூசர்நேம் கட்டத்துல ஐடிக்கு முன்னாடி இங்கிலீஷ்ல ரீசன்ட்னு (recent) டைப் பண்ணி ஒரு கோலன் (:) வச்சா கடைசி 30 நாள் மெயில் ரெண்டுக்குமே வரும். "லீவ் எ காப்பி ஆன் சர்வர்" டிக்க மட்டும் ரெண்டுலயும் எடுத்துராதீங்க. முடிஞ்சா ரெண்டையும் ஐமேப்புக்கு மாத்துங்க, நாங்க அந்த யார்டுல அன்னைக்கு சாயங்காலமே மாத்திட்டோம், ஆனா அந்த பழைய பிஎஸ்டி ஃபைல இன்னும் அழிக்கல, பென்டிரைவ்ல ஒண்ணு, ஓனர் பீரோல ஒண்ணு.