வேப்பங்கொம்பில் ஒரு கரண்டி: முதன்முதலாகச் செதுக்குபவர்களுக்கு

மரத்தில் செதுக்க ஆசைப்படுபவர்கள் பலரும் நேரே பிள்ளையாரில் ஆரம்பிப்பார்கள். தும்பிக்கை ஒடிந்ததும் உளி பரணுக்குப் போய்விடும். தும்பிக்கை மெல்லியதாக இருக்கும் இடத்தில் நார் குறுக்கே போனால் அது ஒடியத்தான் செய்யும், எவ்வளவு கவனமாகச் செதுக்கினாலும். மரத்தின் நார் ஓட்டத்தைக் கைக்குப் பழக்க நல்ல வேலை கரண்டி செய்வதுதான். காம்பு, கழுத்து, குழி எல்லாம் ஒரே துண்டில் வந்துவிடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். நடுவில் பத்து நாள் காயவைக்க வேண்டும்.

மரம்

பச்சை மரமாக வாங்குங்கள். காய்ந்த வேம்பைக் கத்தியால் செதுக்கினால் அரை மணியில் மணிக்கட்டு போய்விடும். பச்சையாக இருக்கும்போது பாதி பலம் போதும். மின்கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்கும்போது கேட்டால் சும்மாவே கிடைக்கும். 10 செ.மீ. விட்டம், 30 செ.மீ. நீளம், நேரான துண்டு, கணு இருக்கக் கூடாது. பட்டையில் முறுக்கிய கோடுகள் தெரிந்தால் உள்ளே நாரும் முறுக்கிக்கொண்டுதான் போகும், அந்தத் துண்டு வேண்டாம்.

வேம்பில் நார் சில இடங்களில் பின்னிக் கிடக்கும். அது தொல்லை என்று நினைப்பவர்கள் குமிழ் மரமோ வெப்பாலையோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். கர்நாடகத்தின் சென்னபட்டணத்து மரப்பொம்மைகள் வெப்பாலையில் செய்தவை. நார் நெருக்கமாக, வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். அரளியும் எட்டியும் எவ்வளவு அழகாக இருந்தாலும் சமையலறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது, இரண்டும் விஷம். பெட்டி உடைத்த பலகை, பிளைவுட் துண்டு ஆகியவற்றில் என்ன மருந்து, என்ன பசை என்று தெரியாது. அதனால் அவையும் கரண்டிக்கு ஆகாது.

உடனே செதுக்க நேரமில்லை என்றால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே போட்டால் வெட்டிய முனைகள் முதலில் காய்ந்து சுருங்கும், நடுப்பாகம் ஈரமாகவே இருக்கும். அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது.

கருவிகள்

6 செ.மீ. அலகுள்ள செதுக்குக் கத்தி ஒன்று. ஸ்வீடனின் மோரா 120 இந்த அளவுதான். குழி தோண்ட மோரா 164 போல வளைந்த கத்தி, அல்லது தச்சுக் கருவிக் கடையில் கிடைக்கும் 20 மி.மீ. குழி உளியும் கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்). வளைந்த கத்தியில் ஒரு பக்கம் மட்டும் கூருள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்; முதுகில் கட்டைவிரலை வைத்துத் தள்ள முடியும். வலது கைக்கு, இடது கைக்கு என்று தனித்தனியாக வருவதையும் கவனித்து வாங்குங்கள். இவற்றோடு கைரம்பம், வெட்டரிவாள், சி கிளாம்பு ஒன்று, பென்சில், மரம் பிடிக்கும் கைக்கு வெட்டுப்படாத கையுறை.

காய்கறிக் கத்தி வேண்டாம். அதன் மெல்லிய அலகு மரத்துக்குள் நெளியும், நெளிந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பேப்பர் வெட்டும் கத்தியின் அலகு ஒடிந்து தெறிக்கும்.

பழைய தோல் பெல்ட்டை ஒரு பலகையில் ஒட்டி, பச்சை நிற மெருகுக் கட்டியைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கத்தியின் முதுகு முன்னே போக, பத்துப் பதினைந்து இழுப்பு. மழுங்கிய கத்தி அதிக அழுத்தம் கேட்கும், அழுத்தும்போதுதான் கத்தி வழுக்கிக் கையில் இறங்குகிறது.

பிளந்து, வரைந்து

துண்டின் முனையில் அரிவாளை நடுமையத்தின் குறுக்கே வைத்து, முதுகில் கொட்டாப்புளியால் தட்டிப் பிளக்க வேண்டும். இரும்புச் சுத்தியல் கூடாது. இரும்பு மேல் இரும்பு பட்டால் சில்லு தெறிக்கும். ரம்பம் நேர்கோட்டில் போகும். பிளவோ நாரோடு போகும். அதனால்தான் பிளந்த துண்டின் காம்பு ஒடிவதில்லை. மையத்தில் பென்சில் முனை அளவு மெத்தென்ற புள்ளி தெரியும். வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும் என்பதால் அந்தப் பக்கம் ஒரு செ.மீ. செதுக்கித் தள்ளுங்கள். பட்டையையும் எடுத்து 26 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனத்துக்குக் கொண்டுவந்தால் கட்டை தயார்.

மையம் இருந்த தட்டை முகத்தில் நீளவாக்கில் நடுக்கோடு போட்டு, குழிப்பாகம் 7 × 5 செ.மீ. முட்டை வடிவம், காம்பு 18 செ.மீ., கழுத்து 1.8 செ.மீ. அகலம் என்று வரையுங்கள். கழுத்து 1.2 செ.மீ. இருந்தால் இன்னும் நளினமாகத் தெரியும், ஆனால் முதல் கரண்டிக்கு வேண்டாம். பக்கவாட்டு வளைவும் அடுத்த கரண்டிக்கு இருக்கட்டும்.

முதலில் குழி

வெளி உருவத்தைத் தொடாமல் குழியைத் தோண்டிவிடுங்கள். அடிப்பக்கம் தட்டையாக இருக்கும்வரைதான் கட்டை மேசையில் ஆடாமல் நிற்கும். உளி என்றால் காம்புப் பக்கத்தைக் கிளாம்பில் இறுக்கி, இரண்டு கையும் உளிக்குப் பின்னால் இருக்கும்படி வேலை செய்யுங்கள்.

விளிம்புக்கு 5 மி.மீ. உள்ளே ஒரு கோடு போட்டு, நடுவிலிருந்து ஆரம்பித்து, நாருக்குக் குறுக்கே சிறு சிறு சீவல்களாக எடுத்துக் குழியை அகலப்படுத்துங்கள். நார் நெடுக உளியை ஓட்டினால் இறங்கும்வரை வழுவழுவென்று வரும், அடியைத் தாண்டி ஏறும்போது 'சரக்' என்று பெயர்த்துக்கொண்டு போய்விடும். ஆழம் 12 மி.மீ. போதும். ஸ்கேலை விளிம்பின் மேல் குறுக்கே வைத்து, ஈர்க்குச்சியை உள்ளே விட்டு அளந்து பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் என்று தோண்டிக்கொண்டே போனால், பின்பக்கத்தை உருட்டும்போது அடியில் ஓட்டை விழும்.

வெளி உருவம்

கழுத்தின் இரு பக்கமும் 1.8 செ.மீ. ஆழத்துக்கு ரம்பத்தால் அறுத்து நிறுத்துங்கள். இதைத் தவிர்த்துவிட்டுக் காம்பைச் சீவினால் பிளவு குழிக்குள் ஓடிவிடும். தொடக்கக்காரர்களின் கரண்டி அதிகம் பாழாவது இங்கேதான்.

இனி எல்லாம் கத்தி. அகலமான இடத்திலிருந்து குறுகிய இடத்துக்கு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். குழியின் தோளிலிருந்து கழுத்துக்கு இறங்கி, அங்கே நிறுத்தி, கரண்டியைத் திருப்பிக் காம்புப் பக்கத்திலிருந்து அதே கழுத்துக்கு இறங்க வேண்டும். சரியான திசையில் போனால் வெட்டிய முகம் எண்ணெய் பூசியதுபோல் மின்னும், சீவல் சுருளாக வரும். எதிர்த்திசையில் போனால் சத்தம் கரகரக்கும், முகம் வெளுத்துச் சிராய் கிளம்பும். அப்போது பலத்தைக் கூட்டாமல் திசையை மாற்றுங்கள். பின்னிய நாரில் இரண்டு திசையும் சரிவராது. காகிதம்போல மெல்லிய சீவலாகச் சாய்வாக எடுக்க வேண்டியதுதான்.

பலமான வெட்டுக்கு ஒரு நல்ல வழி உண்டு. கத்தி பிடித்த கையை முழங்காலோடு அண்டக்கொடுத்து அசையாமல் வைத்துக்கொண்டு, மரத்தைப் பின்னுக்கு இழுங்கள். அரிவாள்மனையில் கத்தி நிற்கும், காய்தான் நகரும் அல்லவா, அதே மாதிரி. கத்தி எங்கும் பாயாது. சின்ன வெட்டுக்குக் கத்தியின் முதுகை மறுகைக் கட்டைவிரலால் தள்ளினால் போதும். இரு தொடைகளுக்கு நடுவில் வைத்து மட்டும் ஒருபோதும் செதுக்காதீர்கள். உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

குழிச்சுவர் 5 மி.மீ. கனத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். கட்டைவிரலை உள்ளேயும் சுட்டுவிரலை வெளியேயும் வைத்துச் சுற்றித் தடவினால் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும்.

காயவைத்தல்

வெயிலும் மின்விசிறிக் காற்றும் ஆகாது. செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, நிழலான அலமாரியில் வையுங்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்றுங்கள், மழைக்காலத்தில் கட்டாயமாக. சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டு, மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் காய்ந்தாயிற்று. விளிம்பு லேசாகக் கோணலாகியிருக்கும். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. அதைச் சரிசெய்யத்தான் 5 மி.மீ. வைத்தோம்.

கடைசிச் சீவல்

கத்தியை நன்றாகத் தீட்டி, மெல்லிய சீவலாகச் சுவரை 4 மி.மீ.க்கு இறக்குங்கள். கத்தித் தடம் பிடிக்காதவர்கள் 120, 180, 240, 320 என்று வரிசையாக உப்புத்தாள் போடலாம். உப்புத்தாள் போட்ட இடத்தில் மறுபடி கத்தி வைக்காதீர்கள்; மரத்தில் ஏறிய மணல் கத்தியின் கூர்மையைத் தின்றுவிடும். 320 முடிந்ததும் கரண்டியை ஒருமுறை நனைத்துக் காயவிடுங்கள். நார் எழும்பிச் சொரசொரப்பாகும், திரும்ப 320 போட்டால் அடங்கிவிடும். இதை இப்போதே செய்யாவிட்டால் முதல் சாம்பாரில் அது நடக்கும்.

எண்ணெய்க்கு ஆளிவிதை எண்ணெய், சமையலுக்கு விற்பது. பெயிண்ட் கடையின் 'டபுள் பாயில்டு' வேண்டாம், சீக்கிரம் உலர மருந்து சேர்த்திருப்பார்கள். மெல்லப் பூசி, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி, மொத்தம் மூன்று முறை. இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; உலரும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாம், கெடுதல் இல்லை, ஆனால் அது இறுகாது. நாலு கழுவலில் போய்விடும்.

புது வேப்பங்கரண்டி முதல் சில நாள் லேசாகக் கசக்கலாம். பாயசத்தில் போட்டுச் சோதிக்காமல் ரசத்தில் ஆரம்பியுங்கள். பிளந்ததில் மீந்த பாதி ஈரத்துணியில் இருக்கும். இந்தக் கரண்டி காய்வதற்குள் அதில் இரண்டாவதைத் தொடங்கிவிடலாம்.