நாக்சோஸ் போகிறீர்களா? காற்றைக் கேட்டு நாள் குறியுங்கள்

கிரீஸ் என்றதும் எல்லாரும் சாண்டோரினிக்கு ஓடுகிறார்கள். கடலில் ஆசைதீரக் குளிக்க, வயிறாரச் சாப்பிட என் ஓட்டு நாக்சோஸுக்குத்தான். கிரீஸின் சைக்லேட்ஸ் தீவுக்கூட்டத்திலேயே பெரிய தீவு இது. உழவும் மாடும் உள்ள ஊர் என்பதால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

முதலில் தேதி. ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். அது பலமாக வீசினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். நான் ஆகஸ்டில் போனேன். திரும்பும் கப்பலும் விமானமும் ஒரே நாளில்! துறைமுகத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே விமானத்தைக் கோட்டைவிட்டேன். கடைசி இரவை ஏதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் உத்தமம்: தண்ணீரில் வெதுவெதுப்பு இருக்கும், கூட்டம் வடிந்திருக்கும்.

ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் 5 மணி நேரத்துக்குச் சற்று மேல். வேகப் படகு சீக்கிரம் போகும், ஆனால் காற்று நாளில் குடலைப் புரட்டிவிடும்.

கடற்கரைக்குக் கார் வேண்டாம். இறங்குதுறை எதிரிலேயே பேருந்து நிலையம்; சீட்டை அங்கேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். அயியோஸ் ப்ரோகோபியோஸில் இறங்கி, அயியா அன்னா வழியாகப் பிளாகா வரை மணலிலேயே தெற்கே நடக்கலாம். நடக்க நடக்க ஆள் குறையும். குழந்தைகளோடு வந்தால் ஊரை ஒட்டிய அயியோஸ் யோர்யோஸ் போதும், ஆழமில்லை.

சாப்பாடு. இந்தத் தீவின் உருளைக்கிழங்குக்குக் கிரீஸ் முழுக்கப் பெயர். வறுத்ததை ஆர்டர் செய்தால், துருவிய கிராவியேரா பாலாடைக்கட்டி சூட்டில் மெல்ல இளகி, கிழங்கோடு நூலாக இழுபடும். மீன் இல்லாமலே நான் இரண்டு தட்டு முடித்தேன். சைவர்களுக்கு யிகாந்தெஸ், அதாவது தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை அவரைக்கொட்டை. யெமிஸ்தா என்ற அரிசி அடைத்த தக்காளியும் உண்டு. சில கடைகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கித்ரோன் ஒரு சிறு கோப்பை. நாரத்தை இன மர இலையில் வடிக்கும் மது, வாசனையே தனி.

துறைமுகத்தை ஒட்டி நிற்கும் போர்த்தாரா வாசலுக்கு மாலையில் எல்லாரும் போவார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு நிலைவாசல் அது. காற்று நாளில் அங்கே போகும் நடைபாதைமேல் அலை அடிக்கும், செருப்பு நனையும்.

எனக்குப் பிடித்தது வடகோடி அப்பல்லோனாஸ். பழைய கல்குவாரியில், 10 மீட்டருக்கு மேல் நீளமான பளிங்கு மனிதன், பாதி செதுக்கியபடியே மல்லாந்து கிடக்கிறான். தாடி இருப்பது பக்கவாட்டில் நின்றால் புலப்படும். அங்கே பேருந்து குறைவு. திரும்பும் நேரத்தை ஓட்டுநரிடம் கேட்ட பிறகே இறங்குங்கள்.