வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்காத பாதி: வசனங்களைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நம் சபைகளில் வாக்குத்தத்த அட்டைக்கு (புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டை) நிற்கும் வரிசை, திருவிருந்து வரிசையைவிட நீளம். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். பிடித்த வசனம் வந்தால் முகம் மலரும். வராவிட்டால், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைத் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பவர்களும் உண்டு. பக்கத்திலேயே அங்கி போட்டு நிற்கிற போதகருக்கு அது தெரியாமல் போகுமா?

அட்டை எடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் இருந்த மொரேவியர் என்ற கிறிஸ்தவக் குழுவினர் 1728-லிருந்து நாளுக்கு ஒரு வசனம் என்று வைத்துக்கொண்டார்கள். 1731-ல் அதைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான வசனம். அன்றைக்கு அந்த ஊரே அதை மனதில் போட்டு யோசிக்கும். நம்மிடம் அது 'எனக்கு வந்த வசனம்' ஆகிவிட்டது. மகளுக்கு வரன் அமையுமா, வெளிநாட்டு வேலைக்கு விசா வருமா என்பதற்கெல்லாம் அந்த அட்டையில் விடை தேடுகிறோம்.

எல்லோரும் ஆசைப்படும் அட்டை எரேமியா 29:11. 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு' என்று தொடங்கும். சரி, அதற்கு முந்தின வசனத்தில் என்ன இருக்கிறது? எழுபது வருஷம் கழித்துத்தான் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தான். ஜனங்களுக்குக் கேட்க இனிப்பாக இருந்தது அவன் பேச்சுதான். எரேமியாவோ வீட்டைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகர் அந்த முடிவைப் பார்க்காமலேயே கண்ணை மூடியிருப்பார்கள். இந்த வருஷமே நடக்கும் என்று இந்த வசனத்தைப் பிடித்துக்கொள்கிறவர், எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவை நம்புகிறார்.

சங்கீதம் 34:19-க்கு அட்டையில் இன்னொரு கதி. 'கர்த்தர் அவைகளெல்லாவற்றிலும் நின்று அவனை விடுவிப்பார்' என்ற பின்பாதிதான் பெரும்பாலும் அச்சாகிறது. 'நீதிமானுக்கு வரும் துன்பங்கள் அநேகமாயிருக்கும்' என்ற முன்பாதியைக் காணோம். முன்பாதி இல்லாவிட்டால் 'அவைகள்' என்பது எவைகள்?

பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு பிலிப்பியர் 4:13. எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்று பவுல் எழுதினது சிறையிலிருந்து. முந்தின வசனத்தில் பட்டினியையும் குறைவையும் பற்றிப் பேசுகிறார். மார்க் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளப் பெலன் உண்டு என்பதும் அதில் அடக்கம். ரிசல்ட் நாளில் பிள்ளைக்கு அதையும் சொல்லுங்கள்.

இப்போது சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் வந்து, பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டு, அதையே சாட்சியாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். திடீரென்று பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். ஏசாயா 38-ஐ வாசித்துப் பாருங்கள். சாகும் தறுவாயில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கிறேன் என்று கர்த்தரே சொல்லியாகிவிட்டது. அப்புறமும் அத்திப்பழத்து அடையை அவருடைய பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா. வாக்குத்தத்தம் வந்தும் மருந்து நிற்கவில்லை. 1838-ல் நெய்யூரிலும் 1900-ல் வேலூரிலும் மிஷனரிகள் வைத்தியம் தொடங்கினது விசுவாசக் குறைவினால் அல்லவே.

ஆனால் வசனத்தால் அதிகம் காயப்படுகிற இடம் துக்க வீடுதான். பைக் விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு அக்கா, 'அழாத, அழுதா விசுவாசம் இல்லேன்னு அர்த்தம்' என்பார். 'சகலமும் நன்மைக்குத்தான், ரோமர் எட்டு இருபத்தெட்டு' என்பார் இன்னொருவர். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி, பையன் கொஞ்ச நாளாகக் கோயிலுக்கு வரவில்லை என்று மூன்றாமவர் காரணம் கண்டுபிடித்திருப்பார். லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசுவே அழுதார். 1 தெசலோனிக்கேயரில் பவுல், நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதிருங்கள் என்கிறாரே ஒழிய, துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினதற்குத்தான் கடைசியில் கர்த்தரிடம் திட்டு வாங்கினார்கள்.

வசனம் சொல்லாமல் வேறென்ன செய்வது என்று கேட்பீர்கள். பிளாஸ்கில் காப்பி கொண்டு போங்கள். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சாப்பிட வையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த அலைச்சலை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வீடு நிறையக் கூட்டம் வரும். இரண்டாம் மாதம்தான் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. அப்போது போங்கள், வேதாகமத்தையும் எடுத்துக்கொண்டு. அவர்கள் கேட்டால் வாசியுங்கள்.

காணிக்கை விஷயத்தை ஒரு போதகரே பேசுவது சங்கடம்தான், ஆனாலும் பேசுகிறேன். வட்டிக்கு வாங்கித் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தசமபாகத்தைக் கொண்டுவந்தால் ஆசீர்வாதம் என்கிற மல்கியா மூன்றாம் அதிகாரம் அவர்களுக்கு மனப்பாடம். மாற்கு ஏழாம் அதிகாரம் அவ்வளவு பழக்கமில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்களை இயேசு அதில்தான் கண்டிக்கிறார். காணிக்கைக் கவரை நீட்டுகிறவரிடம் 'அம்மாவுக்கு மருந்து வாங்கியாச்சா?' என்று நான் கேட்பதுண்டு. அதற்காகக் கோபித்துக்கொண்டு பக்கத்துச் சபைக்குப் போய்விட்டவர்களும் உண்டு. கவர் அங்கே போகிறது.